டிரங்குப் பெட்டியில் ஓர் இராட்டைக் கொடி: வாசகர் கேள்வி பதில்

1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் அல்சூர் ஏரியை ஒட்டி இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, பெங்களூரு தமிழ் வாசகர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை தாத்தாக்களின் போர்க்காலப் பொருள்களைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுக்க அவற்றுக்கே.

மலேயாத் தோட்டத்தில் இருந்தபோது இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் என் கணவரின் தாத்தா. அவர் கொண்டுவந்த மூவர்ணக் கொடி இரும்பு டிரங்குப் பெட்டியில் எட்டாக மடித்துக் கிடந்தது. நடுவில் இராட்டை. மடிப்புகளில் கிழிசல், ஓரத்தில் துருக்கறை. பாயும் புலி இல்லையே, இது அசல்தானா? துவைத்து, இஸ்திரி போட்டு, சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாமா? (வாசகி, காக்ஸ் டவுன்)

புலி இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பாயும் புலி ஜெர்மனியில் அமைந்த இந்தியப் படையின் சின்னம். 1943 அக்டோபர் 21-இல் சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட நேதாஜியின் தற்காலிக அரசு ஏற்றியது, 1931-இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட இராட்டைக் கொடியைத்தான். இராட்டைக்குப் பதிலாக அசோகச் சக்கரம் வந்தது 1947 ஜூலை 22-இல். ஆகவே மலேயாவிலிருந்து வந்த கொடியில் இராட்டை இருப்பதுதான் பொருத்தம். ஆனால் இராட்டை மட்டுமே சான்றாகிவிடாது. நூல் கைநூற்பா மில் நூலா, தையல் கைத்தையலா மெஷின் தையலா, இராட்டை அச்சா, வரைந்ததா, வெட்டி ஒட்டித் தைத்ததா என்று பூதக்கண்ணாடியில் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு எந்த வல்லுநரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

துவைக்கவே கூடாது. அந்தக் காலத்துக் காவியும் பச்சையும் தண்ணீரில் கசியக்கூடிய சாயங்கள். ஒரு முறை வெள்ளைப் பட்டைக்குள் இறங்கிவிட்டால் எவராலும் திரும்ப எடுக்க முடியாது. துருக்கறை நீக்க என்று கடையில் விற்கும் திரவங்களில் பெரும்பாலும் ஆக்சாலிக் அமிலம் இருக்கும். கறை போகும், கூடவே அந்த இடத்துப் பருத்தி நூலும் பலவீனப்பட்டு நாளடைவில் ஓட்டையாகும். இஸ்திரியும் வேண்டாம். பல வருடம் மடிப்பில் இருந்த நூல் ஏற்கெனவே பாதி முறிந்திருக்கும், சூட்டில் அழுத்தினால் மீதியும் முறியும்.

செய்ய வேண்டியது இது. பலமுறை துவைத்த, கஞ்சி போடாத வெள்ளைப் படுக்கை விரிப்பைப் பெரிய மேசையில் போட்டு, அதன்மேல் கொடியை ஒவ்வொரு மடிப்பாகத் திறங்கள். ஒரு மடிப்பு விறைத்து நின்றால் இழுக்காதீர்கள். அப்படியே விட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம். இரண்டு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு தூசி: எம்பிராய்டரி வளையத்தில் நைலான் கொசுவலைத் துண்டைப் பூட்டிக் கொடிமேல் வைத்து, வேக்குவம் கிளீனரை ஆகக் குறைந்த இழுவிசையில், வலைக்கு 2 செ.மீ. மேலே பிடித்து, தேய்க்காமல் இடம் இடமாகத் தூக்கித் தூக்கி வையுங்கள். வலை இல்லாமல் செய்தால் பிரிந்த நூல்கள் குழாய்க்குள் போய்விடும்.

மீண்டும் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். துணிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாய் போதும். விட்டம் 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது, நீளம் கொடியின் அகலத்தைவிட இருபுறமும் ஒரு சாண் கூடுதல். அட்டையின் அமிலம் துணியில் ஏறாமலிருக்க முதலில் அலுமினியத் தாள், அதன்மேல் துவைத்த மல் துணி சுற்றுங்கள். கயிறு கோத்த தடித்த ஓரம் கடைசியில் வரும்படி சுருட்டுங்கள். அந்த ஓரம் உள்ளே போனால் அதன் தடம் ஒவ்வொரு சுற்றிலும் பதியும். மேலே இன்னொரு மல் துணி, அதன்மேல் ஒரு அங்குல அகலப் பருத்தி நாடாவால் தளர்வான கட்டு. நூலால் கட்டினால் அறுக்கும்.

ஹாலில் மாட்டுவதைப் பற்றி ஒரு கணக்கு. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் ஒரு வருடத்தில் 1,46,000 லக்ஸ்-மணி. பகலில் 500 லக்ஸ் வெளிச்சம் விழும் ஹாலில் அதே அளவை உங்கள் கொடி ஐந்து வாரத்தில் வாங்கிவிடும். வெயில் படும் சுவர் என்றால் சில நாள்களே போதும். ஒளியால் வந்த சேதம் இருட்டில் வைத்தால் ஆறாது, வெளிச்சம் படும்போதெல்லாம் கூடிக்கொண்டே போகும். எனவே நல்ல படம் எடுத்துத் துணியில் அச்சடித்து அதை மாட்டுங்கள், அசல் பீரோவில் இருக்கட்டும். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக் கோட்டையில் ஏறிய பட்டுக் கொடி, 12 அடிக்கு 8 அடி, இன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் மங்கலான வெளிச்சத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. அங்கே போகும்போது வெளிச்சம் போதவில்லையே என்று குறைப்பட வேண்டாம். அந்த இருட்டுதான் அதைக் காப்பாற்றுகிறது.

கிழிசலுக்குப் பின்னால் புதுத் துணி வைத்துத் தைக்கவும் வேண்டாம். அமெரிக்காவின் புகழ்பெற்ற 1814-ஆம் ஆண்டுக் கொடிக்கு 1914-இல் லினன் துணியைச் சுமார் 17 லட்சம் தையல் போட்டு முதுகில் சேர்த்தார்கள். அன்றைக்கு அது சிறந்த வேலை. எண்பது வருடத்துக்குப் பிறகு அத்தனை தையலையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது.

நாஃப்தலின் உருண்டையா, வசம்பா? (கே.எஸ்., சிவாஜி நகர்)

இரண்டையும் நம்பியிருக்க வேண்டாம். நாஃப்தலின் ஆவி பிளாஸ்டிக், செல்லுலாய்டு பொத்தான்களை இளக்கும், மூடிய அறையில் மூச்சுக்கும் கெடுதல். வசம்பும் வேப்பிலையும் வாசனை இருக்கும்வரை ஓரளவு விரட்டும், ஏற்கெனவே உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. காய்ந்த இலையிலேயே பூச்சி வரும் என்பதால் துணியில் நேரடியாகத் தூவாதீர்கள். பூச்சி இருப்பது உறுதியானால் ஓவியம் தீட்டாத துணியை இரண்டு பாலித்தீன் உறைகளில் காற்றில்லாமல் அடைத்து, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் அறையிலேயே இருந்து உறையின் வெளியே படியும் நீர் காய்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். ஓவியம் தீட்டிய கொடி, தோல், தந்தம் இவற்றுக்கு இந்த முறை ஆகாது.

அப்பா சாப்பர்ஸில் டிராஃப்ட்ஸ்மேன். பர்மாவில் 1944, 45-இல் பென்சிலால் வரைந்த முப்பதுக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. பல, ராணுவப் படிவங்களின் பின்பக்கத்தில். சில கோடுகள் இப்போது ஊதாவாகத் தெரிகின்றன. பழைய டேப் மஞ்சளாகிவிட்டது. லேமினேட் செய்துவிடுங்கள் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகர், ஆஸ்டின் டவுன்)

லேமினேட் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றி உருகிய பிளாஸ்டிக்கைத் தாளின் இழைக்குள் இறக்குவதுதான் லேமினேஷன். தாளின் அமிலமும் உள்ளேயே அடைபடும். பிறகு பிரிக்க வழியில்லை.

ஊதாக் கோடு உங்கள் அப்பா பயன்படுத்திய பென்சிலைக் காட்டிக்கொடுக்கிறது. அது காப்பியிங் பென்சில். கிராஃபைட்டோடு மெத்தில் வயலட் சாயம் கலந்தது. எழுதும்போது சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதா. ரப்பரால் அழிக்க முடியாது என்பதால் ராணுவச் செய்திப் படிவங்களுக்கு இதைக் கொடுத்தார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள்: சாம்பல் கோட்டின் ஓரத்தில் ஊதாப் புள்ளிகள் தெரியும். விரல் ஈரம் பட்ட இடத்தில் ஒரு சின்ன மேகம்போல் பரவியிருக்கும். இந்தப் படங்களுக்குத் தண்ணீர், நீராவி, ஸ்பிரிட் மூன்றும் எதிரி. டேப் பசையை எடுக்க யாராவது தின்னரோ ஸ்பிரிட்டோ தொட்டால் கோடே கரைந்துவிடும். டேப்பை இப்போதைக்குத் தொடாதீர்கள். தானாக உதிர்ந்தால் உதிரட்டும், அதன் பழுப்புக் கறையைப் பாதுகாப்பு வல்லுநர் பார்த்துக்கொள்வார். பெங்களூருவில் சித்ரகலா பரிஷத்தில் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கிய பாதுகாப்பு மையம் தாள் வேலை செய்திருக்கிறது. கறையை எடுக்கவே வேண்டுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

போர்க்காலத் தாள் பெரும்பாலும் மட்டமான தாள். தட்டுப்பாடு அப்படி. 1943 வங்கப் பஞ்சத்தை ஜைனுல் ஆபிதின் வரைந்ததே மலிவான பொட்டலத் தாளில்தான். சயாம் மரண ரயில் பாதையில் கைதியாக இருந்த ரொனால்ட் சேர்ல் கிடைத்த தாள்களில் எல்லாம் வரைந்து, காலரா நோயாளிகளின் படுக்கைக்கடியில் ஒளித்து வைத்தார். அவற்றில் சுமார் 300 படங்கள் இன்று லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதே பாதையில் மலேயாத் தமிழர்களும் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள் என்பதால் நமக்கு அவை வெறும் ஓவியங்கள் அல்ல. உங்கள் அப்பாவின் படங்களும் அதே வகைச் சாட்சி.

பின்பக்கத்தைப் படங்களின் பாதி மதிப்பு என்று எண்ணுங்கள். படிவ எண், அச்சான வருடம், தணிக்கை முத்திரை, ஒரு ஊர்ப் பெயர், எதையும் அழிக்காதீர்கள். ஓரத்தை நேராக வெட்டவும் வேண்டாம். மலைத்தொடரை அகலமாக வரைந்து, மேல் ஓரத்தில் டிகிரி எண்களும் கெஜக் கணக்கும் குறித்திருந்தால் அது பொழுதுபோக்குப் படமல்ல. காவல் நிலையிலிருந்து எதிரே தெரிவதைப் பதிவு செய்த ராணுவப் பனோரமா. அந்த எண்கள் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும், சட்டம் போடுகிறவர் முதலில் வெட்டுவதும் ஓரத்தைத்தான்.

வைக்கும் முறை: ஒவ்வொரு படத்துக்கும் அமிலமற்ற தாளில் மடித்த ஓர் உறை, படுக்கை நிலையில் பெட்டி, பெட்டிக்கு 20 படத்துக்கு மேல் வேண்டாம். பளபளப்பான பாலியெஸ்டர் உறை மை ஓவியத்துக்குச் சரி, பென்சிலுக்கும் கரிக்கும் சரியில்லை. அதன் நிலைமின்சாரம் தூளை இழுத்துக்கொள்ளும். ஸ்கேன் செய்ய ஃபீடர் உள்ள இயந்திரம் கூடாது. கண்ணாடி மேல் வைக்கும் ஸ்கேனரில், 600 டி.பி.ஐ., டிஃப் கோப்பாக, இரு பக்கமும், ஒரே முறை. பென்சில் தூள் உதிரும் தாளை மேலிருந்து கேமராவில் எடுங்கள், ஃப்ளாஷ் இல்லாமல்.

ஒன்றிரண்டைச் சட்டம் போட ஆசை இருந்தால் ஃபெவிக்காலும் இருபக்க டேப்பும் வேண்டாம். ஜப்பானியத் தாளில் இரண்டு சிறு கீல்கள் வெட்டி, படத்தின் மேல் ஓரத்தில் மட்டும், கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தாள் விரியும், மார்ச் வறட்சியில் சுருங்கும். மேலே மட்டும் தொங்கினால் அதற்கு இடம் இருக்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் அலையலையாகி, கடைசியில் கிழியும். பைண்டிங் கடையில் பசை வாங்காதீர்கள். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம், அந்தச் செம்பு தாளைப் பழுப்பாக்கி நொறுக்கும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை இருக்க வேண்டும்.

துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி ஒன்றும், பித்தளைப் பிடி போட்ட பழைய வாள் ஒன்றும் வீட்டில் உள்ளன. ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசுவது வழக்கம். தொடரலாமா? (எம்.ஆர்., ஃப்ரேஸர் டவுன்)

பூஜை தொடரட்டும், புளியும் தேங்காய் எண்ணெயும் நிற்கட்டும். புளியின் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை முதலில் அரிக்கும். பிடியில் அங்கங்கே ரோஜாச் சிவப்புத் திட்டு தெரிந்தால் அங்கே செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் புளிக்கும், பித்தளையோடு சேர்ந்து பச்சை மெழுகாக மாறி இடுக்குகளில் உட்காரும். அந்தப் பச்சையை மூங்கில் சிம்பால் வழித்து எடுங்கள், ஊசியால் வேண்டாம்.

வாளில் கை வைப்பதற்கு முன் அலகைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். தண்ணீரில் அலை ஓடுவதுபோல் கோடுகள் தெரிந்தால் அது தென்னிந்திய மூசை உருக்காக (மண்குடுவையில் உருக்கிச் செய்த எஃகு) இருக்கலாம். அங்கே எண்ணெய் தவிர எதுவும் படக் கூடாது. ஒரு முறை உப்புத்தாள் போட்டால் அந்த அலைகள் மறைந்துவிடும். சாதாரண அலகு என்றால்: நைட்ரைல் கையுறை, செந்துருவின் மேல் தையல் மெஷின் எண்ணெய் சில சொட்டு, ஒரு நாள் ஊறல், பிறகு பருத்தித் துணியால் துடைப்பு. துணியில் சிவப்பு வராத வரை திரும்பச் செய்யலாம். அடியில் கறுப்பாக ஒட்டியிருக்கும் படலத்தை விட்டுவிடுங்கள், அது இரும்பைக் காக்கிறது. முடிவில் எண்ணெயை மினரல் டர்பன்டைனால் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாக. வருடம் ஒரு முறை போதும்.

தோல் உறைக்குள் வாளை வைக்கவே வேண்டாம். தோல் ஈரத்தை இழுக்கும், பதனிட்ட அமிலம் அலகை அரிக்கும். பக்கத்தில் தனியாக வையுங்கள். அலகு உள்ளே சிக்கிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், உறைக்குள் எண்ணெய் ஊற்றவும் வேண்டாம்.

கத்தியின் அலகை அளந்து பாருங்கள். பிரிட்டிஷ் 1907 வகை 17 அங்குலம், நடுவில் பள்ளம் ஓடும். இரண்டாம் உலகப் போரில் இந்தியாவில் செய்த வகைகளில் 12 அங்குல அலகு, பள்ளம் இல்லாததும் உண்டு. அலகின் அடியில் ஆர்.எஃப்.ஐ. என்றிருந்தால் ஈஷாப்பூர் தொழிற்சாலை. அந்த எழுத்துகள் மயிரிழை ஆழம்தான், தேய்க்கத் தேய்க்க முதலில் போவது அவைதான்.

மாமனார் இறந்த பிறகு பரணில் ஒரு துப்பாக்கி கிடைத்தது. மிகப் பழையது. பழம்பொருள் என்றால் லைசென்ஸ் தேவையில்லை என்கிறார்களே? (வாசகி, ஜீவன்பீமா நகர்)

வயதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு விலக்களிப்பது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள பழைய ஆயுதத்துக்கு. பழுது பார்த்தால் சுடும் என்றால் எவ்வளவு பழையதானாலும் துப்பாக்கிதான். அதை முடிவு செய்வது நீங்களோ பழைய சாமான் வியாபாரியோ அல்ல. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சட்டம் சொல்கிறது. துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்க்காமல், பையில் போட்டு ஆட்டோவில் கொண்டு போகாமல், முதலில் நிலையத்துக்குப் போன் செய்து கேட்டு, பழைய லைசென்ஸ் புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு வாளையோ படங்களையோ அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பொருளும், வரலாற்று மதிப்புள்ள ஆவணமானால் 75 வருடம் கடந்ததும் தனியார் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. சந்தேகம் இருந்தால் கோரமங்களா கேந்திரிய சதனில் உள்ள தொல்லியல் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

பித்தளைக் குண்டு உறையைப் பூச்சாடியாக வைத்திருக்கிறோம். ஆபத்தா? (டி.வி., அல்சூர்)

உள்ளே வெற்றாக, வாய் திறந்து, அடிப்பக்க பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) ஊசி குத்திய பள்ளம் இருந்தால் சுட்டு முடிந்த வெற்று உறை. தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த பூ வையுங்கள். ஆனால் மேலே குண்டு பொருந்தியிருந்தால் பள்ளம் இருந்தாலும் தொடாதீர்கள். குத்தியும் வெடிக்காமல் போனதாக இருக்கலாம். அசைக்காமல், அறையை விட்டு வெளியேறி 112-ஐ அழையுங்கள். காலம் ஆனதால் மருந்து செத்திருக்கும் என்று எண்ண வேண்டாம். 2018-இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. அவற்றுக்குள் மருந்து இருந்தது.

பதக்க ரிப்பன் நைந்துவிட்டது, மாற்றலாமா? (கே.எஸ்., சிவாஜி நகர்)

புது ரிப்பனில் மாட்டிக்கொள்ளுங்கள், பழையதை உறையிலிட்டு உடன் வையுங்கள். பதக்கத்தைப் பாலிஷ் போடாதீர்கள். இந்தியப் படையினருக்கு வழங்கிய உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலும் நட்சத்திரங்களின் பின்புறத்திலும் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். அந்த ஒற்றை வரிதான் அது யாருடையது என்பதற்கு ஆதாரம்.

எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமா? (வாசகர், ஆஸ்டின் டவுன்)

கொடுக்கலாம், தெரிந்து கொடுங்கள். எந்த அருங்காட்சியகமும் நிரந்தரமாகக் காட்சியில் வைப்பதாக உறுதி தராது. பெரும்பகுதி சேமிப்பறையில்தான் இருக்கும், அது அவமதிப்பு அல்ல. படையோடு தொடர்புள்ள பொருளானால் முதலில் அந்தப் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தையே கேளுங்கள். தானமா, கடனா என்பதை எழுத்தில் வையுங்கள். கடன் என்றால் திருப்பும் தேதி, இன்றைய நிலையின் படங்கள், காப்பீட்டுத் தொகை மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் பதக்கம் ஒருவருக்கு, படங்கள் ஒருவருக்கு, சம்பளப் புத்தகம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்ட பிறகு கொடுக்க வருவதுதான் அடிக்கடி நடக்கிறது. சேர்ந்திருந்தால் ஒரு சிப்பாயின் முழுப் போர்க்காலம், பிரிந்தால் பழைய சாமான்.

கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இடுங்கள். தாளில் என்றால் பின்பக்கக் கீழ் மூலையில் மென்மையான 2பி பென்சிலால், அழுத்தாமல். துணிக்குப் பருத்தி நாடாவில் எழுதி ஓரத்தில் இரண்டு தையல். உலோகத்துக்கு நூலில் கட்டிய அட்டை. பால்பாயின்ட் பேனாவும் ஸ்டிக்கரும் எதன் மேலும் கூடாது. அதே எண்ணின் கீழ் ஒரு நோட்டில் யாருடையது, அவருடைய படை எண் என்ன, எங்கிருந்து எப்போது வந்தது, இதைச் சொன்னது யார் என்று எழுதுங்கள். அம்மாவுக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரிந்த விவரங்கள் இருக்கும். அவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் விதத்திலேயே போனில் பதிவு செய்து, தேதி போட்டு, அந்தக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள்.